உண்டியலின் பூட்டும் இணையத்தின் பூட்டும்

திருக்கோயில்களில் உண்டியல் திறக்கும் நாள், ஒரு தனிச் சடங்கு போலவே நடைபெறும். அறநிலையத் துறை அலுவலர்களும் அறங்காவலர்களும் கூடி நிற்க, பூட்டின் மீதுள்ள முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். திறவுகோல்கள் ஒருவரிடமே இருப்பதில்லை. அதன் பிறகே பெட்டி திறக்கப்பட்டு, காணிக்கை மண்டபத்தில் குவிக்கப்பட்டு, எண்ணும் பணி தொடங்கும்.

அந்தப் பூட்டும் முத்திரையும் ஒன்றை உறுதி செய்கின்றன. பக்தர் இட்ட காசு இட்டபடியே உள்ளே இருக்கிறது. இடையில் எவர் கையும் அதில் படவில்லை. ஆனால் அவை உறுதி செய்யாத ஒன்றும் உண்டு. அதே போன்ற இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்வித்து, மஞ்சள் துணி சுற்றி, திருநாமமோ திருநீறோ இட்டு, நல்ல கனத்த பூட்டாகவும் மாட்டி, ராஜகோபுரத்துக்கு எதிர்ப்புறக் கடைத்தெருவில் ஒருவன் கொண்டுவந்து வைத்துவிட்டால்? பூட்டு உண்மையான பூட்டுதான். உள்ளே விழுந்த காசை வழிப்போக்கர் எவரும் எடுத்துவிட முடியாதுதான். ஆயினும் அந்த உண்டியல் சுவாமியுடையதன்று.

கைப்பேசியில் இணையதளத்தைத் திறந்து தரிசனச் சீட்டு வாங்குகிற இந்நாளில், பெரியவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. 'முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பயப்பட வேண்டாம்' என்று மகனோ பேத்தியோ என்றோ சொல்லித் தந்த பாடம் அது. சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, பாதி சொன்னார்கள். அந்தப் பூட்டுக்கும் கடைத்தெரு உண்டியலின் பூட்டுக்கும் வேற்றுமை இல்லை என்கிற மறுபாதிதான் சொல்லப்படாமல் போயிற்று.

அந்த மறுபாதி தெரியாமல் ஏமாறும் கதை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் நடக்கிறது. திருமலையில் ஓர் அறை வேண்டும். அல்லது ரூபாய் 300 சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு நாள் கிடைக்க வேண்டும். தேவஸ்தானத்தின் ஒதுக்கீடு வெளியான சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மனம் தளர்ந்த நிலையில் தேடுபொறியில் ஊரின் பெயரையும் 'அறை' என்ற சொல்லையும் இட்டுத் தேடினால், முதல் வரியிலேயே ஒரு தளம் வந்து நிற்கிறது. கோபுரப் படம், சுவாமியின் திருவுருவம், ஓடிக்கொண்டிருக்கும் அறிவிப்பு வரி, மேலே பூட்டு. அறையும் தாராளமாகக் கிடைக்கிறது. பெயர், வயது, ஆதார் எண் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பிப் பணமும் கட்டியாகிவிடுகிறது. ரசீதும் வருகிறது. அது போலி என்பது தெரியவருவது பல நேரங்களில் அலிபிரியைத் தாண்டி, மலை ஏறி, அறை ஒதுக்கும் அலுவலகத்தின் சாளரத்தில் அந்தத் தாளை நீட்டும்போதுதான்.

போன பணம் பெரிதன்று என்று சிலர் தேற்றிக்கொள்வார்கள். முட்டி வலியோடு, பல மாதங்களாகத் திட்டமிட்டு, முடி இறக்கும் பிரார்த்தனைக்காகப் பேரனையும் அழைத்துக்கொண்டு போனவர்களுக்கு, அந்தச் சாளரத்தின் முன் நிற்கும் நேரம் பணத்தால் அளக்கக்கூடியது அன்று.

இது கற்பனை அச்சமும் அன்று. 2023 ஏப்ரலில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு போலித் தளத்தின் மீது காவல் துறையில் புகார் அளித்தது. அதற்கு முன்பே நாற்பது போலித் தளங்களின் மீது வழக்குகள் பதிவாகியிருந்தன, இது 41-ஆவது. அந்நாளில் தேவஸ்தானத்தின் மெய்யான முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.ஜிஓவி.ஐஎன்' என்பது. போலியானவர்கள் வைத்திருந்தது 'திருப்பதிபாலாஜி-ஏபி-ஜிஓவி.ஓஆர்ஜி'. (இவை ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை, வாசிக்கும் வசதிக்காக இங்கே தமிழில் தரப்படுகின்றன.) புள்ளி இருக்க வேண்டிய இரண்டு இடங்களில் சிறு கோடு. கடைசியில் 'ஐஎன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஓஆர்ஜி'. அவ்வளவே வேற்றுமை. போலி முகவரியும், பூட்டைக் குறிக்கும் 'எச்டிடிபிஎஸ்' என்ற எழுத்துகளுடனேயே தொடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாலும், எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாது.

முதலில், அந்தப் பூட்டு மெய்யாகவே என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. அது செய்வது சிறிய காரியமன்று.

அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைத் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை எவரும் படித்துவிடலாம். ஒட்டிய உறையில் இட்ட கடிதத்தைப் படிக்க முடியாது, பிரித்தால் தெரிந்துவிடும். பழைய முறையிலான இணைப்பு அஞ்சலட்டை போன்றது. ஒருவர் கைப்பேசியில் தட்டச்சிடுவது எல்லாம், வழியிலுள்ள எத்தனையோ கருவிகளைக் கடந்துதான் கோயிலின் கணினியை அடைகிறது. ரயில் நிலையத்திலோ தங்கும் விடுதியிலோ இலவசமாகக் கிடைக்கும் வைஃபையும் அந்த வழியில் ஒன்று. அஞ்சலட்டை முறையில் அனுப்பினால், வழியில் இருப்பவன் கடவுச்சொல்லைப் படித்துக்கொள்ளலாம். செய்தியை மாற்றியும் அனுப்பலாம். அந்த முறையின் பெயர் 'எச்டிடிபி'. உறையில் இட்டு அனுப்பும் முறைக்கு இறுதியில் ஓர் 'எஸ்' கூடி, 'எச்டிடிபிஎஸ்' என்று பெயர். அந்த எஸ் என்பது பாதுகாப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 1995-இல் நெட்ஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனம் இதன் தொடக்க வடிவத்தை வெளியிட்டது. இன்று வழக்கிலுள்ள செம்மையான வடிவம் 2018-இல் வந்தது.

ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படி இரகசியம் பேச முடியும்? இந்தக் கேள்விக்கு 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்களும், 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவரும் கணிதத்தால் விடை கண்டார்கள். அந்த விடையின் உட்பொருள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் புதியதன்று. உண்டியலில் எவரும் காசு போடலாம். போட்டவரே திரும்ப எடுக்க முடியாது. திறவுகோல் உடையவரே எடுக்கலாம். இணையதளம் ஒன்று இத்தகைய உண்டியலை ஊரறிய நீட்டுகிறது. பக்தரின் கைப்பேசி தன் செய்தியை மறைமொழியாக்கி அதில் போடுகிறது. திறவுகோல் அந்தத் தளத்தின் கணினியிடம் மட்டுமே இருக்கிறது. நடைமுறையில் இதற்குள் வேறு சில நுட்பங்களும் உண்டு என்றாலும் சாரம் இதுவே.

ஆனால் நீட்டப்பட்டது யாருடைய உண்டியல்? இங்கேதான் சான்றிதழ் வருகிறது.

முதலாம் ராஜேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்ததைச் சொல்லும் 31 செப்பேடுகள் அவை. ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் பொருத்தில் புலியும் கயலும் வில்லும் பொறித்த அரச முத்திரையை இட்டிருக்கிறார்கள். முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் இயலாது, புதிதாக ஒன்றைச் செருகவும் இயலாது. அரசருடைய சொல்தான் இது என்பதற்கும், இடையில் எதுவும் திருத்தப்படவில்லை என்பதற்கும் அந்த ஒரு முத்திரையே சாட்சி.

இணையதளத்தின் சான்றிதழும் இத்தகைய முத்திரைதான். 'இந்தப் பெயருடைய தளத்தின் உண்டியல் இதுவே' என்று எழுதி, சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அதில் தன் முத்திரையை இடுகிறது. எந்தெந்த நிறுவனங்களின் முத்திரையை ஏற்கலாம் என்ற பட்டியல், கைப்பேசிக்குள்ளும் குரோம் போன்ற உலாவிகளுக்குள்ளும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. தளத்தைத் திறக்கும் நொடியில் கைப்பேசி அதைத் தானே சரிபார்த்துவிடுகிறது. பயனாளர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முத்திரையிடும் கையே களவு போவதும் உண்டு. 2011-இல் நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழை உண்டாக்கிக்கொண்டார்கள். ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சலை உளவு பார்க்க அது பயன்பட்டது. செய்தி வெளியானதும் உலாவிகள் அந்நிறுவனத்தைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலாயிற்று. இவ்வாறு நேர்வது அரிது. சாதாரண பக்தர் இதை எண்ணி உறக்கம் கெட வேண்டியதில்லை. அவருக்கு வரும் ஆபத்து இதைவிட எளிய வழியில் வருகிறது.

அந்த எளிய வழி இதுதான். சான்றிதழ் ஒரு பெயருக்குத் தரப்படுகிறது. அந்தப் பெயரை வைத்திருப்பவரின் நடத்தைக்குத் தரப்படுவதில்லை. எவரும் சிறு தொகை கட்டி, பிறர் எடுத்துக்கொள்ளாத ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பெயர் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டினாலே சான்றிதழ் கிடைத்துவிடும். 2015 இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற பொதுநல அமைப்பு, சான்றிதழ்களைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. சிறிய பள்ளிக்கூடமும் சிறிய கிராமக் கோயிலும்கூடத் தம் தளத்தைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அது பெரும் தொண்டு. அதில் குறை காண இடமில்லை. ஆனால் மழை நெல்லுக்கும் புல்லுக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது. ஏமாற்றுகிறவனுக்கும் அதே பூட்டு இலவசமாகவே கிடைத்தது.

2018 ஜூலை முதல் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்கள் அனைத்துக்கும் 'பாதுகாப்பற்றது' என்று அடையாளமிடத் தொடங்கியது. அதன் பிறகு போலித் தளம் நடத்துபவர்கள் பூட்டில்லாமல் கடை விரிக்க வாய்ப்பே இல்லை. பூட்டு இருப்பது சிறப்பு என்ற காலம் போய், பூட்டு இல்லாததே குற்றம் என்ற காலம் வந்துவிட்டது.

இதைக் கூகுள் நிறுவனமும் உணர்ந்தது. பூட்டுப் படத்தின் சரியான பொருள் மக்களுக்குத் தெரிகிறதா என்று அந்நிறுவனம் 2021-இல் ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களில் 11 விழுக்காட்டினரே சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களில் பலர், பூட்டு இருந்தால் தளமே நம்பத்தக்கது என்று எண்ணியிருந்தார்கள். ஆகவே 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து பூட்டுப் படமே எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது இரண்டு சிறு கோடுகளும் அவற்றின் மீது இரண்டு சிறு வட்டங்களும் உள்ள குறி இருக்கிறது. 'பூட்டைக் காணோமே, கைப்பேசி கெட்டுவிட்டதோ' என்று கலங்கிய பெரியவர்களுக்கு இதுவே விடை.

அப்படியானால் பார்க்க வேண்டியது எதை? பெயரை. அதுவும், எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

கடித உறையின் மீது முகவரி எழுதும்போது முதலில் ஆளின் பெயர், அடுத்து கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், இறுதியில் அஞ்சல் குறியீட்டு எண் என்று எழுதுவார்கள். அஞ்சலகத்தில் கடிதத்தைப் பிரிப்பவரோ முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பார். ஆளின் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்; கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது கடைசி வரி. இணைய முகவரியும் அவ்வாறே. அதன் அதிகாரம் வலக்கோடியில் இருக்கிறது. முகவரியில் முதல் சாய்கோடு வரும் இடத்தோடு தளத்தின் பெயர் முடிந்துவிடுகிறது. சாய்கோட்டுக்குப் பின் உள்ளவை அந்த வீட்டின் அறைகள். சாய்கோட்டுக்கு உடனடியாக முன்னால் உள்ளதிலிருந்து தொடங்கி, புள்ளி புள்ளியாக இடப்புறம் நகர்ந்து படிக்க வேண்டும்.

'ஜிஓவி.ஐஎன்' என்று முடியும் பெயர்கள் இந்திய அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன. கடையில் வாங்க முடியாது. தேவஸ்தானம் இப்போது வழங்கும் முகவரி 'டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.ஜிஓவி.ஐஎன்'. வலமிருந்து படித்தால்: இந்தியா, அரசு, ஆந்திரப் பிரதேசம், தேவஸ்தானம். தமிழக இந்து சமய அறநிலையத் துறையின் முகவரி 'எச்ஆர்சிஇ.டிஎன்.ஜிஓவி.ஐஎன்': இந்தியா, அரசு, தமிழ்நாடு, அறநிலையத் துறை. 41-ஆவது போலியை இவ்வாறு படித்தால் என்ன ஆகிறது? கடைசியில் 'ஓஆர்ஜி'. அதற்கு முன் புள்ளி. அதற்கும் முன் உள்ள 'திருப்பதிபாலாஜி-ஏபி-ஜிஓவி' முழுவதும் சிறு கோடுகளால் ஒட்டிய ஒரே பெயர். அதில் ஜிஓவி என்ற எழுத்துகள் இருந்தாலும் அவை அரசைக் குறிக்கவில்லை. நெற்றியில் திருமண் இட்டவரெல்லாம் அர்ச்சகர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜிஓவி.ஐஎன் என்று முடியாதவை எல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சபரிமலை தரிசன முன்பதிவுக்கான மெய்யான தளம் 'சபரிமலாஆன்லைன்.ஓஆர்ஜி' என்பது. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு 'ஹெலியாத்ரா.ஐஆர்சிடிசி.சிஓ.ஐஎன்' என்ற முகவரியில் நடக்கிறது. இதில் அதிகாரம் உள்ள பெயர் ஐஆர்சிடிசி. ஹெலியாத்ரா என்பது அதன் கீழுள்ள பிரிவு. இதையே யாரேனும் 'ஐஆர்சிடிசி-ஹெலியாத்ரா' என்று கோடிட்டு ஒட்டி வைத்திருந்தால் அது வேறு ஆள். இத்தகைய தளங்களுக்கு, முடிவு எழுத்துகளைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது. கோயில் நிர்வாகமோ அரசோ அறிவித்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாக வேண்டும்.

எழுத்துக்கு எழுத்து என்பதும் சும்மா சொல்வதன்று. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஆர்', 'என்' இரண்டும் நெருங்கி நின்றால் 'எம்' போலவே தோன்றும். 'எல்' என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் இரட்டைப் பிள்ளைகள். சிறிய திரையில் நீண்ட முகவரி முழுவதுமாகத் தெரிவதுமில்லை. முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டால் விரியும். மூக்குக் கண்ணாடியோடு, வெளிச்சமான இடத்தில், அவசரமில்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். குறியைத் தொட்டால் 'இணைப்பு பாதுகாப்பானது' என்ற வரி வரும். அதைத் தொட்டு உள்ளே போனால் சான்றிதழ் யாருக்குத் தரப்பட்டது, எந்த நாள் வரை செல்லும் என்ற விவரங்களைக் காணலாம். ஆர்வமுள்ளவர்கள் பார்க்கலாம். ஆனால் அங்கேயும் எழுதியிருப்பது அதே தளப் பெயர்தான் என்பதால், பெயரைச் சரியாகப் படித்தவருக்கு அது பெரிதாக எதையும் கூட்டித் தராது.

வங்கிகளின் பெயரில் வரும் போலிகளுக்கு ஒரு நல்ல தீர்வு பிறந்திருக்கிறது. இந்திய வங்கிகள் தம் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.ஐஎன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கிகளைத் தவிர வேறெவருக்கும் அந்த முடிவு கிடைக்காது. ஓய்வூதியக் கணக்கை இணையத்தில் பார்க்கும் பெரியவர்கள் இனி அந்த வலக்கோடியை மட்டும் பார்த்தாலே பெரும்பகுதி கவலை தீரும். கோயில்களுக்கும் இப்படியொரு தனி முடிவு அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சில வேளைகளில் பக்கம் திறக்காமல், 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற பொருளில் ஒரு முழுத்திரை எச்சரிக்கை வரும். சான்றிதழின் கெடு முடிந்திருக்கலாம். பெயர் பொருந்தாமல் இருக்கலாம். முத்திரை ஏற்கத்தக்கதாக இல்லாமல் இருக்கலாம். தளத்தின்மீது குற்றமே இல்லாமல், கைப்பேசியின் தேதி தவறாக இருப்பதாலும் இது வரும். ஆகவே முதலில் தேதியைச் சரிபார்ப்பது நல்லது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீங்கவில்லை என்றால், 'பரவாயில்லை, தொடர்க' என்று கீழே ஒளிந்திருக்கும் வரியைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். நடை சாத்தியிருக்கும்போது பின்வாசல் வழியாக அழைத்துப் போகிறேன் என்பவரோடு போவது எப்போதுமே வம்புதான்.

தேடுபொறியில் முதலில் வரும் வரி, முதன்மையான தளம் என்று பொருளல்ல. காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்த விளம்பரமாக அது இருக்கலாம். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இணையக் குற்றத் தடுப்பு மையம் வெளியிட்ட எச்சரிக்கையில் இதை வெளிப்படையாகவே சொன்னது. கேதார்நாத், சார்தாம் யாத்திரை ஹெலிகாப்டர் பயணம், சோமநாதர் கோயில் விருந்தினர் இல்லம், யாத்திரைத் தலங்களின் விடுதி, வாடகைக் கார் ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்களும் விளம்பரங்களும் வாட்ஸ்அப் கணக்குகளும் பெருகியிருப்பதாக அது பட்டியலிட்டது. பணம் கட்டிய பின் தொலைபேசி அடங்கிவிடுகிறது என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான முடிவு.

பணம் கட்டும் இடத்திலும் ஒரு கடைசி வாய்ப்பு இருக்கிறது. யுபிஐ மூலம் அனுப்பும்போது, இரகசிய எண்ணை இடுவதற்கு முன், பணம் யாருக்குப் போகிறது என்ற பெயர் திரையில் தோன்றும். தேவஸ்தானத்தின் பெயரோ கோயிலின் பெயரோ இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி மனிதரின் பெயர் இருந்தால், கையை எடுத்துவிடலாம். தள்ளுபடிப் பணம் திருப்பித் தருகிறோம், இரகசிய எண்ணை இடுங்கள் என்று கேட்டாலும் அப்படியே. பணம் பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவைப்படுவதில்லை. திருமலையில் 65 வயது கடந்தவர்களுக்கான தனி தரிசன ஒதுக்கீட்டுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் 'பதிவுக் கட்டணம்' கேட்கும் தளத்தைப் பற்றி மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஏமாந்துபோகலாம். படித்தவர்கள், வங்கியிலேயே பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள்கூட ஏமாறுகிறார்கள். அப்போது பலர் செய்யும் தவறு, வெளியே சொல்லாமல் இருந்துவிடுவது. 'பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கைப்பேசியையே வாங்கி வைத்துவிடுவார்களோ' என்ற தயக்கம் ஒரு பக்கம். 'சுவாமி காரியத்தில் இப்படி ஆயிற்றே' என்ற வேதனை மறுபக்கம். இரண்டு நாள் மனத்துக்குள் புழுங்கிவிட்டு மூன்றாம் நாள் சொல்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிக் கரைந்துவிடுகிறது. தெரிந்த நொடியிலேயே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான இணையக் குற்ற உதவி எண் அது. பணம் வழியில் ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கில் நிற்கும்போதே செய்தி போய்ச் சேர்ந்தால், அங்கேயே முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை விரைவாக நடக்கும். எழுத்து மூலமான புகாரை 'சைபர்கிரைம்.ஜிஓவி.ஐஎன்' என்ற தளத்தில் பதியலாம். வலமிருந்து படித்துப் பார்த்து அதையும் உறுதி செய்துகொள்ளலாம்.

பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இதில் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்காமல், ஒரு மாலை நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து, அடிக்கடி போகும் நான்கைந்து கோயில்களின் மெய்யான தளங்களைத் தாங்களே திறந்து, பெயரைச் சரிபார்த்து, கைப்பேசியில் குறித்து வைத்துத் தரலாம். அதன் பின் தேடுபொறியில் தேடும் வேலையே இல்லை. குறித்ததைத் தொட்டால் போதும்.

அவ்வாறு உடனிருந்து செய்து தர ஆளில்லாதவர்களுக்குப் பழைய வழியே இருக்கிறது. அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது, அலுவலகத்தில் கேட்டு, இணைய முகவரியைப் புள்ளி, கோடு தவறாமல் எழுதி வாங்கி வரலாம். வீட்டில் பஞ்சாங்கத்தின் அட்டையின் உட்புறத்தில், வளர்பிறை முகூர்த்த நாள்களைக் குறித்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதைப் பெரிய எழுத்துகளில் எழுதி, கீழே 1930 என்ற எண்ணையும் எழுதிவைக்கலாம்.